ஒகேனக்கல்லில் கயிற்றை விட்டவர்

மாடு வாங்கப் போகிற வண்டியில் பொம்பளைக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவே கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒகேனக்கல் வரைக்கும் மாட்டு வண்டிப் பயணம். வழியெல்லாம் கல்லைக் கூட்டிச் சோறாக்க வேண்டும், புளிய மரத்தடியில் படுத்து எழ வேண்டும், போய்த் திரும்ப ஒரு மாதம் பிடிக்கும். ஆம்பளைகளே யோசிக்கிற காரியம். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மாமியாரிடம் முன்கூட்டியே ஒரு போடு போட்டு வைத்திருந்தேன். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் என் வயிறு திறக்கவில்லை என்பது அவளுக்குத் தீராத குறை. "வடக்க காவேரியில புருசனும் பொண்டாட்டியுமா முழுகி எந்திரிச்சா எல்லாம் சரியாப் போகும்னு கனவுல ஒரு அம்மா வந்து சொன்னாக அத்தை" என்றேன். கனவில் யாரும் வரவில்லை, நான் சரியாகத் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது. ஆனால் அதற்கப்புறம் மாமியார் யாரையும் வாய் திறக்க விடவில்லை.

உண்மைக் காரணம் வேறு. என் வீட்டுக்காரருக்குக் காக்கா வலிப்பு இருந்தது. அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

நான் அதை முதன்முதலில் பார்த்தது கல்யாணமான வருஷம், பருத்தி குவித்திருந்த அறையில். பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்றார். வலது கைக் கட்டைவிரல் ஆட்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது. எதையோ ருசி பார்ப்பதுபோல் உதடு சப்புக்கொட்டியது. கண் என் பக்கம் இருந்தது, ஆனால் அதில் நான் இல்லை. அப்புறம் வெட்டிய மரமாக விழுந்தார். செத்துப்போனார் என்றே நினைத்தேன்.

தெளிந்து எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னையக் கெணத்தடிக்கு விடமாட்டாக, வண்டி பூட்ட விடமாட்டாக. அடுப்படியில உன் பக்கத்துல உக்கார வச்சிருவாக. அதுக்கு நான் செத்துப் போகலாம்" என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்றிலிருந்து நெல் அறையின் பழைய சாவி ஒன்று என் மடியிலேயே இருந்தது. தண்ணீரைக் கண்டால் வலிப்பு வரும் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் காவிரிக்குப் போகிறேன் என்று கிளம்பினால் நான் வீட்டில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருக்க முடியுமா?

பயணத்துக்குக் கச்சை கட்டியது அவருடைய அண்ணன். பெரியவர் என்றே சொல்கிறேன். தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆள் நீளம், குரல் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். ஆலம்பாடிக் காளை என்று சொல்லி தரகர்கள் வேறு எதையோ தலையில் கட்டிவிடுகிறார்கள், ஆலம்பாடிக்கே போய்ப் பட்டியில் நின்று பார்த்துத்தான் ஜோடி பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த நான்கு வருஷத்தில் நானும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எங்கள் வீட்டு முறை அது. தம்பி பெண்டாட்டி மூத்தாரின் முகம் பார்த்துப் பேசக்கூடாது, அவரும் அவளிடம் பேசமாட்டார். சோற்றில் உப்புக் குறைந்தால் பெரியவர் தூணைப் பார்த்து, "உப்பு வெல ஏறிப்போச்சு போல" என்பார். நான் நாய்க்குட்டியிடம் சொல்வதுபோல, "இந்தா, இங்கன இருக்கு" என்று உப்புச் சட்டியைத் தள்ளி வைப்பேன். நாய்க்குட்டி இல்லாத நேரத்தில் அம்மிக் குழவியிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தூணுக்கும் அம்மிக்கும் காது இருந்திருந்தால் குடும்ப விஷயம் முழுவதும் அவற்றுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. விலைபேசி வாங்கிய மாட்டின் கயிறு, வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றும்வரை வாங்கியவர்கள் கையை விட்டு இறங்கக்கூடாது. இறங்கினால் அந்த மாட்டோடு வரவேண்டிய லட்சுமி வழியிலேயே இறங்கிப் போய்விடுவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. வழியில் படுத்தாலும் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார்கள். ஒருமுறை தேவதானப்பட்டியிலிருந்து வரும்போது, தூக்கத்தில் இருந்த பெரியவரை ஒரு புதுக்காளை கரும்புத் தோட்டம் வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. முதுகுத் தோல் போனது, கயிறு போகவில்லை. அதை அவர் கல்யாண வீடுகளில்கூட சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்வார். கயிற்றை விடாத மனுசன் என்று ஊரில் பெயர்.

வைகாசி நடுவில் கிளம்பினோம். பழைய ஜோடி மாடு பூட்டிய கூண்டு வண்டி, இரண்டு ஆம்பளைகள், நான், அரிசி மூட்டை, ஒரு பானை. தேனி தாண்டும்போதே என் காவல் ஆரம்பித்துவிட்டது. வலிப்பு தூக்கம் கெட்டால் வரும் என்று நான் கண்டு வைத்திருந்தேன். அதனால் அவர் காவல் முறை வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று பொய் சொல்லி நான் விழித்துக்கொள்வேன். வத்தலக்குண்டு தாண்டி ஓர் ஓடைக் கரையில் தங்கினோம். அங்கே நரி ஊளையிட்டது. திண்டுக்கல்லுக்கு வடக்கே திருட்டுப் பயம். எனக்கு நரியும் தெரியவில்லை, திருடனும் தெரியவில்லை. அவர் கட்டைவிரல் அசைகிறதா என்று அடுப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"என்ன புள்ள, புதுசா பாக்குற மாதிரி பாக்குற?" என்று அவர் கேலி செய்வார்.

"ஆமா, ரொம்ப அழகு பாருங்க" என்று பானையை நங்கென்று வைப்பேன். கோபமாகப் பேசினால் பயம் வெளியே தெரியாது.

பவானியில் பாலத்தின் மேலிருந்து காவிரியை முதன்முதலாகப் பார்த்தேன். அகலமாக, சத்தமில்லாமல், வெயிலில் படுத்துக் கிடந்தது. "இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருந்த?" என்று அவர் சிரித்தார். பெரியவரும் வண்டி மாட்டைப் பார்த்து, "நம்ம ஆத்த விட அகலம், அம்புட்டுத்தான்" என்றார்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் ஊர் ஆறு மதகு திறந்தால் வரும், மதகு அடைத்தால் நிற்கும். பெரியாற்றுத் தண்ணீர் எந்த நாளில் இறங்கும் என்று தண்டோரா போடுவார்கள். நான் பிறந்தது கடமலைக்குண்டு. அங்கே வைகை பாதி வருஷம் வெறும் மணல். வருசநாட்டு மலையில் எங்கோ பெய்த மழை, எங்கள் பக்கம் வெயில் அடிக்கும்போதே சுவராக வந்து இறங்கும். மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி குடத்தோடு போனதைக் கரையில் நின்று பார்த்தவள் நான். ஆற்றுக்குப் பயப்படத் தெரியாத இரண்டு பேரோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்கும்போது சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தோம். மரத்தில் இலை அசையவில்லை. இன்னும் கீழே போகப் போகச் சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் இருந்தது. வண்டி மாடுகள் நின்றுவிட்டன. பெரியவர் வாலை முறுக்கிப் பார்த்தார், நகரவில்லை. கடைசியில் இறங்கி மாடுகளை நடத்திக் கூட்டிப் போனோம். பாறைகளுக்கு நடுவே ஆறு பிளந்து பிளந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் தெரியவில்லை, வெள்ளையாகப் புகை மட்டும் எழும்பியது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

முழுக்கு என்று பொய் சொல்லியிருந்தேனே, அதையும் செய்து தொலைக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் அவரை உட்கார வைத்து, வேட்டி முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சொம்பால் மொண்டு ஊற்றினேன். "இதுக்கு நம்ம வீட்டுத் தொட்டியே போதுமே" என்றார். நான் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

ஆலம்பாடி அக்கரையில் இருந்தது. அருவிக்கு மேலே, ஆறு பிரிவதற்கு முன்னால் ஓர் இடத்தில், பரிசலில் கடக்க வேண்டும். வண்டியையும் பழைய மாடுகளையும் சத்திரத்தில் விட்டோம். என்னையும் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று பரிசல் அருகே போய் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் பாறையைப் பார்த்து, "இப்படி ஒரு பிடிவாதம் நம்ம குடும்பத்துல யாருக்கும் கெடையாதே" என்றார். பாறை சிரித்திருக்கும்.

மூங்கிலால் பின்னி எருமைத் தோல் போர்த்திய பெரிய கூடை, அதுதான் பரிசல். ஏறியதும் சுற்றியது. நான் கண்ணை மூடவில்லை, மூட முடியாது, அவர் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். அன்று ஆறு சாதுவாக இருந்தது. சுகமாகக் கரை சேர்ந்தோம்.

பட்டியில் பெரியவர் மாடுகளைப் பார்த்த அழகை மறுக்க முடியாது. சுழி பார்த்தார், குளம்பு பார்த்தார், தரையில் படுத்து நடை பார்த்தார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்தது. சாம்பல் நிறத்தில், கொம்பு பின்னால் வளைந்த, ஆளைக் கண்டால் மூச்சைச் சீறி விடுகிற இரண்டு இளங்காளைகள். ஒரு கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். இன்னொன்றைத் தம்பியிடம் நீட்டினார்.

"ஏலே, இது உன் கயிறு. வீடு வரைக்கும் நீதான் கொண்டு வரணும்."

அதுவரைக்கும் எந்த மாட்டின் கயிற்றையும் அவர் தம்பியிடம் கொடுத்தது கிடையாது. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி இவரை நான் எதற்கும் தடுக்க முடியாது.

அன்று இரவு பட்டிக்காரர் வீட்டு முற்றத்தில் தங்கினோம். என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் பொட்டுக்கூடத் தூங்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மாட்டோடு பேசிக்கொண்டே இருந்தார். விடியலில் ஆறு நிறம் மாறியிருந்தது. மேலே எங்கோ மழை. தண்ணீர் செம்மண் கலங்கலாக, முந்தின நாள் நாங்கள் மிதித்த பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது.

பரிசல்காரர் தலையை ஆட்டினார். "ரெண்டு நாளு பொறுங்க சாமி, தண்ணி எறங்கட்டும்."

"ரெண்டு நாளா? ஆனி பொறக்கப் போகுது. மதகத் தொறந்துருவாக. தொழி உழவுக்கு நான் மாடு இல்லாம நிக்கவா?" என்றார் பெரியவர். இந்த ஆற்றின் கரையில் நின்றுகொண்டு அந்த ஆற்றின் மதகைப் பற்றிப் பேசினார்.

கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் பரிசல்காரர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மாடுகள் பரிசலின் இரண்டு பக்கமும் நீந்தி வரும், கயிற்றை விரல்நுனியில்தான் பிடிக்க வேண்டும், அவர் விடச் சொன்னால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். "இதுங்க இந்த ஆத்துல பொறந்ததுங்க. உட்டுட்டா தானே கரைக்குப் போயிடும். புடிச்சு வச்சீங்கன்னாதான் ஆபத்து."

பெரியவர் சரி சரி என்று தலையாட்டினார். பரிசல் தள்ளப்பட்டதும் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் சுற்றினார்.

நான் அவர் காதோடு சொன்னேன், "வேண்டாங்க. தூங்கவே இல்லையே நீங்க. கயித்த அண்ணன்கிட்டயே குடுத்துருங்க."

"அண்ணன் என்ன நெனைப்பாக?" என்றார். அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

நடு ஆறு வரைக்கும் நன்றாகத்தான் போனது. மேல்பக்கத்தில் பெரியவரின் காளை, கீழ்ப்பக்கத்தில் எங்களுடையது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு நீந்தின. வெயில் ஏறியிருந்தது. அலையில் பட்டு அது கண்ணில் படபடவென்று அடித்தது. அவர் அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நீரோட்டம் பரிசலைப் பிடித்தது. பரிசல்காரர் துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கத்தினார், "உட்டுடுங்க! கவுத்த உட்டுடுங்க!"

"விடமாட்டோம்! நீர் துடுப்பப் போடும்!" என்று கத்தினார் பெரியவர்.

நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் உதடு சப்புக்கொட்டியது. கட்டைவிரலைத் தேடினேன். அது கயிற்றின் மேல் உரசிக்கொண்டிருந்தது.

அப்புறம் கை மூடிக்கொண்டது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கட்டையாக விறைத்து, கயிற்றைக் கவ்விக்கொண்டது. மடியிலிருந்து சாவியை எடுத்துத் திணிக்கப் பார்த்தேன். விரல்களுக்குள் ஊசிகூட நுழையாது. சாவி நழுவித் தண்ணீரில் போனது. காளை நீரோட்டத்தில் கீழே கீழே போக, கயிறு விண்ணென்று இழுத்தது. பரிசல் எங்கள் பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கீழே, எட்டிப் பார்க்கிற தூரத்தில், அந்த வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக, கயிற்றை விடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் முகம் பூரித்துப் போனது.

"அப்படித்தான்டா! விடாத! விடாத!" என்றார்.

என் வாழ்க்கையில் அந்த நேரத்தைப்போல நான் எதற்கும் பயந்தது கிடையாது. சத்தியம் ஒரு பக்கம் வாயை அடைத்தது. முறை ஒரு பக்கம் அடைத்தது. நம்ப மாட்டீர்கள், சாகப் போகிற நேரத்தில்கூட யாரைப் பார்த்துச் சொல்வது என்று தூணையும் அம்மியையும் தேடினேன். அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பெரியவர் முகத்தை நேராகப் பார்த்துக் கத்தினேன்.

"அவுகளுக்கு வலிப்பு! அவுக பிடிக்கல! கையி பூட்டிக்கிருச்சு! அறுத்து விடுங்க!"

பெரியவர் என்னைப் பார்த்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி தன் கையிலிருந்த கயிற்றைப் பிரித்து ஆற்றில் எறிந்தார். தவழ்ந்து வந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தம்பியின் மணிக்கட்டுக்குக் கீழே கயிற்றை அறுத்தார். இரண்டு அறுப்பு. கயிறு தெறித்துப் போனது. பரிசல் சுழன்று நிமிர்ந்தது. தம்பி இழுத்து இழுத்து உதறினார். பெரியவர் அவர்மேல் குப்புறப் படுத்துத் தன் எடையால் அமுக்கிக்கொண்டார். "ஐயா, என் ஐயா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிசல் ஒரு பாறையில் மோதியது. பரிசல்காரர் துடுப்பைப் பாறை இடுக்கில் சொருகித் தொங்கினார். அங்கிருந்து ஓரத்துச் சுழலுக்கும், அதிலிருந்து கரைக்கும் எப்படி வந்தோம் என்று எனக்கு நினைவில்லை. கரையில் கால் பட்டதும் நான் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

பெரியவர் விட்ட காளை எங்களுக்கு முன்னால் கரையேறி உடம்பை உதறிக்கொண்டு நின்றது. மற்றதைப் புகை விழுங்கிவிட்டது.

என் வீட்டுக்காரரை நிழலில் கிடத்தினோம். வலிப்புக்குப் பிறகு வரும் அந்த ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தார். பெரியவர் எனக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது எம்புட்டு நாளா?" என்று ஆற்றைக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு முந்தியே இருந்துருக்கு" என்று நான் பாறையிடம் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்சா செத்துப் போவேன்னு சொன்னாக."

அவர் தோள் குலுங்கியது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியின் மணிக்கட்டில் மிச்சமிருந்த கயிற்றை அவிழ்த்து ஆற்றில் எறிந்துவிட்டுப் போய், பரிசல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பரிசல்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

என் வீட்டுக்காரர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாடு எங்கண்ணே?"

"ஒண்ணு போயிருச்சுடா" என்றார் பெரியவர். "பரிசல் பாறையில இடிச்சுச்சு, நீ மண்டையில அடிபட்டு மயங்கிட்ட. மயங்கியும் கயித்த விடலயே நீ! கையப் பாரு, தோலு உரிஞ்சு கெடக்கு. நாந்தான் ரெண்டு கயித்தையும் வாங்கிப் பிடிச்சேன். பயந்துட்டேன்டா. விட்டுட்டேன்."

என் வீட்டுக்காரர் நம்ப முடியாமல் பார்த்தார். "நீங்களா விட்டீக?"

"ஆமா. நாந்தான்."

பெரியவர் அப்பால் போனதும் என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "எனக்கு வந்துச்சா? உண்மையச் சொல்லு. வந்துச்சா?" கண்ணில் அப்படி ஒரு பயம்.

"ஒண்ணும் வரல" என்றேன். "மண்டையில அடி. பேசாமப் படுங்க."

ஒற்றைக் காளையோடு ஊர் திரும்பினோம். கயிற்றை விடாத மனுசன் விட்டுவிட்டு வந்தார் என்று ஊர் சிரித்தது. கல்யாண வீட்டில், களத்து மேட்டில், டீக்கடையில், "என்னண்ணே, முதுகத் தூக்கிக் காட்டுங்க" என்று இளவட்டங்கள் வம்பிழுப்பார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, "தண்ணியப் பாத்துப் பயந்துட்டேன்பா, என்ன செய்யச் சொல்ற" என்பார். வீட்டுக்கு வராமல் போன லட்சுமியைச் சொல்லி மாமியார் சாகும்வரைக்கும் மூத்த மகனைக் கரித்துக் கொட்டினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய் யார்மேலாவது எரிந்து விழுவேன்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கிணற்றடிக்குப் போனால் பெரியவருக்கும் அங்கேதான் வேலை இருக்கும். வண்டி பூட்டினால், "நானும் உத்தமபாளையம் வாரேன்" என்று ஏறிக்கொள்வார். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் வரப்பில் ஒரு பார்வை எட்டும் தூரத்திலேயே நிற்பார். அப்படிப் பக்கத்தில் இருந்தபோதே மூன்று நான்கு தடவை வலிப்பு வந்துவிட்டது. தம்பி தெளிவதற்குள் பெரியவர் என்னை வரவழைத்துவிட்டு மறைந்துகொள்வார், நான்தான் அங்கே இருந்ததாக ஆகும். "இந்த அண்ணன் என்னைய இன்னும் சின்னப்பயன்னே நெனைக்கிறாக. எங்க போனாலும் பின்னாலயே வாராக" என்று இவர் என்னிடம் சலித்துக்கொள்வார். தனக்குத் தெரியும் என்று பெரியவர் காட்டிக்கொள்ளவே இல்லை. நானும் அவரும் பழையபடி தூணோடும் அம்மியோடும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பயம் மட்டும் போகவே இல்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னொருவரும் பயந்துகொண்டிருந்தார் என்பதில் எனக்கு இரவில் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பல வருஷம் கழித்துப் பெரியவர் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப் போன சாயங்காலம், என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டோம்ல?" என்றார்.

"ஆமா" என்றேன். "மோரக் குடிங்க."